‘தேவையான அளவு’ தண்ணீர் என்றால் எத்தனை டம்ளர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவைக்கு வருகிறவர்கள் எதையெல்லாம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பட்டியல் போட்டு, கூடவே நான்கு பண்டங்களுக்குச் செய்முறையும் கொடுத்திருந்தீர்கள். பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிசிம்பருப்பு, சந்தகை, கச்சாயம், ஒப்புட்டு என்று எடுக்க வேண்டியவற்றைத்தான் எடுத்திருக்கிறீர்கள். பிரியாணியை முதலில் வைக்காததற்குத் தனியாக ஒரு நன்றி சொல்லலாம். ஆனால் நான்கு செய்முறையிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘தண்ணீர் - தேவையான அளவு’.

வரமிளகாயை எண்ணிச் சொன்னவர், ஏலக்காயை எண்ணிச் சொன்னவர், தண்ணீரை மட்டும் வாசகர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். இந்த நான்கு பண்டத்திலும் மசாலா என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அரிசி, பருப்பு, தேங்காய், வெல்லம், அவ்வளவுதான். மிளகாய் ஒன்று கூடினால் பண்டம் காரமாகும், கெடாது. தண்ணீர் அரை டம்ளர் கூடினால் கெட்டே போகும். அந்த அளவைச் சொல்லாமல் விட்டால் செய்முறை என்று எதற்குப் போட வேண்டும்?

முதலில் அரிசிம்பருப்பு. இதைக் ‘கொங்கு சாம்பார் சாதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். புளியே விழாத ஒன்று எப்படி சாம்பார் ஆகும்? சாம்பார் சாதத்தில் பருப்பும் சோறும் தனித்தனியாக வெந்து பிறகு கலக்கும். இதில் அரிசியும் பருப்பும் ஒரே போசியில், ஒரே தண்ணீரில் சேர்ந்தே வேகும். அதனால்தான் அளவு முக்கியம். 200 மில்லி பிடிக்கும் டம்ளரால் 1 டம்ளர் பொன்னிப் புழுங்கலரிசிக்கு, துவரம்பருப்பு கால் டம்ளர் முதல் மூன்றில் ஒரு பங்கு டம்ளர் வரை போடலாம். அதைத் தாண்டினால் ஆறியதும் வெட்டி எடுக்கிற மாதிரி இறுகிவிடும். இரண்டையும் சேர்த்துக் கழுவி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும்.

இனி தண்ணீர். குக்கரில் வைப்பதானால், பருக்கை பருக்கையாக வேண்டுமென்றால் 3 டம்ளர். குழைவாக வேண்டுமென்றால் 3½. சின்னக் குழந்தைக்கும் காய்ச்சல் கண்டவருக்கும் 4. பச்சரிசியில் செய்தால் எல்லாவற்றிலும் அரை டம்ளர் குறைத்துக்கொள்ள வேண்டும். அறுவடையான புது அரிசி தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும். ஒரு வருஷம் இருப்பு வைத்த பழைய அரிசி கால் டம்ளர் கூடக் கேட்கும். ஊற வைத்த தண்ணீரை வடித்த பிறகு அளக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் ஊறிய தண்ணீரோடு அளவுத் தண்ணீரையும் ஊற்றிக் கஞ்சியாக்கிவிடுவார்கள்.

தாளிக்க இரண்டு மேசைக்கரண்டி கடலெண்ணெயோ தேங்காயெண்ணெயோ போதும். கடுகு, ஒரு டீஸ்பூன் சீரகம், நான்கு வரமிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை, பன்னிரண்டு சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, அரை டீஸ்பூன் தட்டிய மிளகு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள். இந்த மஞ்சள் விஷயத்தில் ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தக்காளி ஒன்றுக்கு மேல் வேண்டாம். புளிப்புக் கூடினால் பருப்பு வேகத் தாமதமாகும், சோறு முந்திக்கொண்டு குழைந்துவிடும். நடுத்தரத் தீயில் மூன்று விசில் விட்டு, ஆவி தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும்.

‘சொன்னபடியே செய்தும் பருப்பு வேகவில்லை’ என்று கேட்பவர்களுக்கும் பதில் தண்ணீரில்தான் இருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் மூன்று விசிலில் மசிகிற பருப்பு, போர்த் தண்ணீரில் ஆறு விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கும். போர்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் தசையைப் பிடித்து இறுக்கிவிடுவதுதான் காரணம். திருப்பூர், பல்லடம், காங்கேயம் பக்கமெல்லாம் போர்த் தண்ணீர்தான் கைக்குக் கிடைக்கும் என்கிறவர்கள், ஊற வைக்கவும் வேக வைக்கவும் குடிதண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விட்டு, அடியில் படியும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேலாக இறுத்து எடுத்துக்கொண்டாலும் ஓரளவு சரியாகும். கொள்ளுக்கும் இதே கதைதான். இரவு முழுக்க ஊறியும் கொள்ளு கடைசலில் மசியவில்லை என்றால் மத்தின் மேல் பழி போடக் கூடாது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. இது வீட்டுச் சாப்பாடு. மெஸ்ஸில் கிடைத்தால் மதியம் பன்னிரண்டரைக்குள் போய்ச் சாப்பிட்டுவிட வேண்டும். ஹாட்பாக்ஸில் இரண்டு மணி நேரம் கிடந்த அரிசிம்பருப்பு, இருந்த ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு களியாகிவிடும். வீட்டில் அப்படி இறுகிவிட்டால் கால் டம்ளர் கொதிநீர் விட்டுக் கிளற வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் தண்ணீர் தனியாக, சோறு தனியாக நிற்கும். இலையில் போட்டதும் ஒரு கரண்டி நெய்யோ, ஊத்துக்குளி வெண்ணெய் ஓர் உருண்டையோ வைத்தால் போதும். தொட்டுக்கொள்ள அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், கடைசியில் தயிர்.

அடுத்தது சந்தகை. ‘இடியாப்பம் போன்றது’ என்ற வரியை நீக்கியே ஆக வேண்டும். இடியாப்பத்தில் மாவைப் பிசைந்து பிழிந்து பிறகு வேக வைக்கிறோம். சந்தகையில் வேக வைத்துவிட்டுப் பிறகு பிழிகிறோம். முறையே தலைகீழ். வறுத்த அரிசி மாவில் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் வருவது இடியாப்பம்தான்.

இட்லி அரிசியை நான்கு மணி நேரம் ஊற வைத்து, கல்லுப்பு சேர்த்து, கிரைண்டரில் வெண்ணெய் போல் ஆட்ட வேண்டும். மிக்ஸியில் குருணை தங்கும், பிழியும்போது நூல் அறுந்து அறுந்து விழும். ஆட்டும்போது 1 டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தண்ணீரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, முக்கால் டம்ளருக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். மாவு புளிக்கக் கூடாது. ஆட்டிய உடனே இட்லித் தட்டில் ஊற்றி 15 நிமிடம் வேக விட வேண்டும். தண்ணீர் கூடிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் மாவு அடியில் இறங்கும், மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரைச் சாய்த்துவிடலாம். இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் அன்றைக்கு எத்தனையோ வீட்டில் மாவு தப்பித்திருக்கும்.

வெந்ததைச் சூடு ஆறும் முன் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். மூன்று கால் வைத்த இரும்பு அச்சு இருந்தால் நல்லது. கையில் பிடித்து அழுத்தும் சின்ன அச்சில் ஆள் களைத்துப் போவார். அச்சுக்குள் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, ஒருவர் போட, ஒருவர் சுற்ற என்று இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆறிய சந்தகை கல்லாக இறுகிவிடும். பலம் கொடுத்துச் சுற்றினாலும் துண்டு துண்டாகத்தான் விழும். அதனால் பிழிந்து முடிக்கக் கூடிய அளவுக்கே ஓர் ஈடு வைக்க வேண்டும். முதல் ஈட்டைப் பிழிந்துகொண்டிருக்கும்போது இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருந்தால் கணக்கு சரி.

சந்தகையை எலுமிச்சை, தக்காளி என்று தாளித்தும் சாப்பிடலாம்தான். ஆனால் விருந்தாளிக்கு வைக்கத் தேங்காய்ப்பாலை மிஞ்சிய துணை கிடையாது. பாலுக்குச் செய்முறையே தரவில்லை. ‘தேங்காய்ப்பாலில் வெல்லம் சேர்த்துக் கொதிக்க வைக்கவும்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அப்படியே செய்தவர்களுக்குப் பால் திரிந்திருக்கும். பொள்ளாச்சித் தேங்காயானாலும் காங்கேயத் தேங்காயானாலும் திரிந்துதான் இருக்கும். வெல்லத்தின் உப்பும் புளிப்பும் கொதிக்கிற பாலில் பட்டால் பால் உடைந்துவிடும்.

நான்கு பேருக்கு முற்றிய பெரிய தேங்காய் ஒன்று. துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால். சக்கையில் ஒரு டம்ளர் விட்டு அரைத்தால் இரண்டாம் பால், இன்னொரு டம்ளரில் மூன்றாம் பால். கொதிநீர் விட்டு அரைத்தால் மிக்ஸி மூடி தெறிக்கும், பச்சைத் தண்ணீரானால் பால் முழுசாக இறங்காது. ஊற வைத்த பச்சரிசி ஒரு டீஸ்பூன், கசகசா ஒரு டீஸ்பூன் இரண்டையும் மையாக அரைத்து இரண்டாம், மூன்றாம் பாலில் கரைத்து, பச்சை வாசம் போகும் வரை சின்னத் தீயில் கிண்ட வேண்டும். இறக்கி வைத்து ஆறியதும், 150 கிராம் வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் தனியே கரைத்து, வடிகட்டி, அதையும் ஆற வைத்துச் சேர்க்க வேண்டும். முதல் பாலும் ஏலக்காயும் சுக்கும் கடைசியில் சேரும். அதன் பிறகு அடுப்புப் பக்கமே கொண்டு போகக் கூடாது. மீந்தால் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் குளிரக் குளிர ஊற்றிக்கொள்ளலாம். சூடு பண்ணினால் திரிந்துவிடும்.

வெல்லம் என்றதும் ஒன்று. சித்தோட்டு வெல்லமும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பளிச்சென்று மஞ்சளாக இருக்கிற வெல்லத்தைத்தான் கடையில் பொறுக்கி எடுக்கிறோம். அந்த நிறத்துக்காக ரசாயனம் சேர்ப்பது உண்டு. கொஞ்சம் கறுத்து, உடைத்தால் உள்ளே ஈரப்பசையோடு இருப்பதை எடுத்தால் வாசமும் கிடைக்கும்.

கச்சாயத்துக்கு வருவோம். நான்கில் இதற்குத்தான் தண்ணீர் எதிரி. தீபாவளி நோம்பிக்குக் கொங்கு வீடுகளில் எண்ணெய்ச் சட்டி வைத்தால் இது இல்லாமல் இருக்காது. அதிரசத்தின் தம்பி என்று எழுதியிருக்கிறீர்கள், உறவு சரிதான். ஆனால் அதிரசத்துக்குப் பாகு காய்ச்ச வேண்டும், பதம் பார்க்க வேண்டும். கச்சாயத்துக்குப் பாகே கிடையாது. பச்சரிசி 400 கிராம், வெல்லம் 300 கிராம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, கால் மணி நேரம் ஈரம் சொட்டி முடியும் வரை வடிகட்டியில் கிடத்த வேண்டும். பிறகு ஆட்டாங்கல்லிலோ கிரைண்டரிலோ போட்டு, கையால் தெளித்துத் தெளித்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல் அரைக்க வேண்டும். மாவு சுற்ற மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். அங்கேதான் எல்லோரும் அரை டம்ளர் ஊற்றிவிடுகிறார்கள். பொறுத்துக்கொண்டு, அரிசி பாதி அரைபட்டதும் தட்டிய வெல்லத்தைச் சேர்த்தால், வெல்லமே இளகித் தண்ணீர் விடும், மாவு தானாக ஓடத் தொடங்கும். முன்பே தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இந்த இடத்தில் தோசை மாவுதான் மிஞ்சும்.

இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியில் எடுத்தால் தொப்பென்று விழ வேண்டும். ஏலக்காய், எள், பொடியாகக் கீறிய தேங்காய்ப்பல் சேர்த்து ஒரு ராத்திரி மூடி வைக்கலாம். வடச்சட்டியில் எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் ஒரு சிறு கரண்டி மாவை ஒரே இடத்தில் விட வேண்டும். அடியில் போய் உட்காரும், தானாக மேலே வரும். வரும் வரை தொடக் கூடாது. புகைகிற எண்ணெயில் விட்டால் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும். முதல் கச்சாயம் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விரிந்து ஓரமெல்லாம் சல்லடையாகி எண்ணெய் குடித்தால் தண்ணீர் அதிகம். எண்ணெயில் கரைந்து சிதறினால் வெல்லம் அதிகம். இரண்டுக்கும் மருந்து ஈரம் உலர்த்திய பச்சரிசி மாவு ஒரு கைப்பிடி. கல்லாக வந்தால் வெல்லம் போதவில்லை, இன்னும் 50 கிராம் தட்டிப் போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். எடுத்ததை இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடித்தால் நாலைந்து நாள் தாங்கும். கடைகளில் மைதா கலந்து செய்வது பார்க்க உப்பலாக இருக்கும், மறுநாள் ரப்பர்தான்.

ஒப்புட்டு பற்றி உங்கள் குறிப்பு ஏறக்குறைய சரி. கன்னடத்து ஒப்பட்டுதான் இங்கே ஒப்புட்டு, மற்ற ஊர்களில் போளி. பூரணத்துக்கு 200 கிராம் கடலைப்பருப்பை மூன்று மடங்குத் தண்ணீரில் திறந்த போசியில் வேக வைக்க வேண்டும். விரலில் நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் பருப்பு உருக் குலையக் கூடாது. குக்கரில் குழைத்துவிட்டால் தண்ணீரைப் பிரிக்கவே முடியாது. பத்து நிமிடம் வடிய விட்டு, 200 கிராம் வெல்லத்தோடு கிளறி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் இறக்கி அரைக்க வேண்டும். வடித்த தண்ணீரைக் கொட்டாமல் ரசம் வைத்தால் அன்றைய சாப்பாட்டில் அதுதான் முதலில் தீரும். மேல் மாவுக்கு 250 கிராம் மைதா, 150 முதல் 175 மில்லி தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள். கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிற மாவாகத்தான் இருக்க வேண்டும், சப்பாத்தி மாவாக இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேரம் எண்ணெயில் ஊறட்டும். தட்டும்போது சுருங்கினால் மாவு ஊறவில்லை. கிழிந்தால் பூரணத்தில் ஈரம் இருக்கிறது.

பெட்டிச் செய்தியில் வந்த ரோட்டுக்கடைக் காளானுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேர்தான் காளான், உள்ளே பாதிக்கு மேல் முட்டைக்கோஸ், அதில் ஒளிவுமறைவும் கிடையாது. உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் கோஸே தண்ணீர் விடும், அந்த ஈரத்திலேயே மைதாவையும் கார்ன்ஃப்ளாரையும் பிசைய வேண்டும். பொரித்ததைக் கல்லில் கொத்திப் போடும் முன் குழம்பு ரசம் மாதிரி நீர்க்க இருக்கட்டும். பொரித்த துண்டுகள் இரண்டே நிமிடத்தில் அதைக் குடித்துவிடும்.

பழனி பஞ்சாமிர்தத்தையும் சேர்த்திருந்தீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது. மலைவாழைப் பழத்தின் ஈரத்தையே நாட்டுச்சர்க்கரை இழுத்துக்கொள்ளும். அதோடு நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். அதற்கான உங்கள் குறிப்பில்கூட அச்சுப்பிழை மாதிரி ‘தண்ணீர் - தேவையான அளவு’ வந்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டில் நீர்ச்சத்து மிகுந்த பழத்தில் செய்துவிட்டு, மூன்றாம் நாள் புளித்துவிட்டது என்பவர்களுக்கு இது கூடுதல் கேடு.

ஆடிச் சிறப்பிதழில் தேங்காய் சுடுவது பற்றி எழுதப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். கோவையைவிட ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் பக்கம்தான் ஆடி முதல் நாளில் இது விமரிசை. அதற்காவது முன்கூட்டியே அளவைத் தருகிறோம். முற்றிய தேங்காயின் நாரை எடுத்து, தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வைக்க வேண்டும். உள்ளே அவலோ பச்சரிசியோ இரண்டு மேசைக்கரண்டி, வறுத்த பாசிப்பருப்பு இரண்டு, எள் ஒன்று, பொடித்த வெல்லம் மூன்று, ஏலக்காய் கொஞ்சம். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பினால் அரிசி ஊதி ஓடு வெடிக்கும். பிடித்து வைத்த தண்ணீரில் பாதியை மட்டும் திருப்பி ஊற்ற வேண்டும். முழுதும் ஊற்றினால் ஆவி அடைத்துக்கொண்டு, கண்ணை அடைக்கச் செருகும் குச்சியைத் தள்ளிவிடும். ஊற்றாமல் விட்டால் அரிசி நறநறவென்று நிற்கும். அவல் போட்டவர்களுக்குப் பாதியிலும் பாதி போதும். சீவிய அழிஞ்சில் குச்சியைக் கண்ணில் இறுக்கமாகச் செருகி, மஞ்சள் பூசி, தீயில் திருப்பித் திருப்பி இருபது முப்பது நிமிடம் காட்டினால் ஓடு விரிசல் விடும் சத்தம் கேட்கும். உடைத்ததும் உள்ளே இருப்பது கொதிக்கக் கொதிக்க இருக்கும், குழந்தைகள் கையில் உடனே கொடுத்துவிடக் கூடாது.

இடம் போதாது என்றால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பாதித் தண்ணீர் அச்சில் வரட்டும்.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையம் பகுதிச் சமையல்காரர்கள் சிலர்